கருவாட்டோடு வீடு தேடியது

பெயர் வைத்தது என் பிழைதான்.
வந்த முதல் நாளே மொட்டைமாடியில் காய்ந்த வாளையில்
பாதியைத் தின்றுவிட்டு
மீதியின்மேல் படுத்திருந்தது.
கருவாடு! என்று கத்தினேன். திரும்பிப் பார்த்தது.
அன்றிலிருந்து அதுதான்.

தடாவில் கம்பெனி மூடிப் புனேவுக்குப் போன மேலாளர்
கேட்டில் சங்கிலியோடு விட்டுப்போன நாய்.
தேசிங்கு அவிழ்த்துக்கொண்டு வந்தான்.
அகன்ற தலை. மார்பில் வெள்ளை, சிந்திய மோர்போல.
பிட்புல் என்றான் கறிக்கடைக்காரன்.
ராட்வைலர் என்றான் கறி வாங்க நின்றவன்.
சூலூர்பேட்டை கால்நடை மருத்துவர்
தாடையைத் திறந்து பல்லை எண்ணிவிட்டு
ஊசி அட்டையில் எழுதினார்: கலப்பு.

முதல் மாதம் நானும் பயந்தேன்.
சோற்றுத் தட்டைத் துடைப்பக்கட்டையால் தள்ளுவேன்,
தேசிங்கு ஷிப்டுக்குப் போனபிறகு.

பழைய வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை.
செய்தித்தாள் துண்டொன்றைக் கதவிடுக்கில் செருகினார்.
ஆபத்தான இனங்கள் என்று தடித்த எழுத்தில் பட்டியல்.
இரண்டு பெயருக்குக் கீழே பேனாக் கோடு,
எது என்று அவருக்கும் தெரியவில்லை.
ஓரத்தில்: மாதக் கடைசிக்குள்.

ஆரம்பாக்கத்தில் நான்கு, எளாவூரில் இரண்டு,
எல்லை தாண்டித் தடாவில் மூன்று.
புரோக்கர் சீனய்யா வண்டிக்கு ஸ்டாண்ட் போடுமுன்பே
"குக்கா உந்தி" என்று அறிவித்துவிடுவார்,
வீட்டில் அம்மை போட்டிருப்பதைச் சொல்வதுபோல.

சாதி நாயா, நாட்டு நாயா?
இதை எல்லோரும் நேராகக் கேட்டார்கள்.
எங்களைத்தான் சுற்றிவந்து கேட்டார்கள்.
சொந்த ஊர் எது, ஊரில் எந்தப் பக்கம்,
கவுச்சி உண்டா, அப்பாவுக்கு என்ன வேலை,
குலசாமி எது.
நாய்க்கு ஒரே கேள்வி.
கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

எளாவூரில் தேசிங்கு பொறுமை இழந்து
அதுவும் கலப்பு, நாங்களும் கலப்பு என்றான்.
அந்த மாடி
அந்த நிமிடமே வேறு யாருக்கோ பேசி முடிந்திருந்தது.

நாகரத்னம்மா மட்டும் வேறு மாதிரி.
தண்ணீர் கொடுத்தார். ஊர் பேர் கேட்கவில்லை.
"லோகேசு, இட்ரா" என்று மகனைக் கூப்பிட்டு
கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டினார்.
கெண்டைச் சதையில் ஒரு பிடி இல்லை.
அந்த இடத்தில் தோல் பளபளவென்று
வேறு யாரிடமோ வாங்கி ஒட்டியதுபோல.
எந்த இனம் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்துவிட்டது.
தெருநாய் என்று சொல்லியிருந்தால்
எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.
அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

இது கடிக்காது.
எட்டு வீட்டில் சொன்ன வாக்கியம்
அந்தப் பையனின் காலுக்கு முன்னால் எழவில்லை.
கேஸ்காரரின் பேண்ட் கிழிந்தது,
புது பேண்ட்டுக்குப் பணம் கொடுத்து
யாரிடமும் சொல்லாதீர்கள் என்றது,
எல்லாம் நினைவுக்கு வந்தது.
கும்பிட்டுவிட்டு இறங்கினோம்.

கடைசியில் மஸ்தானய்யா.
ஆரம்பாக்கத்தில் தண்டவாளத்தை ஒட்டிய ஓட்டுவீடு,
ஒரே சுவரில் இரண்டாகத் தடுத்தது.
கூட்ஸ் வண்டி போகும்போது குரைக்குமா என்றார்.
தெரியாது என்றேன்.
ஏனோ அந்தப் பதில் அவருக்குப் பிடித்தது.
ஐந்தாயிரம். வெளியே இறங்கினால் வாய்க்கூடு.

கும்மிடிப்பூண்டியில் முந்நூற்று இருபது ரூபாய்,
தோல்வார் வைத்தது.
அளவு புரியாமல் என் முகத்தில் மாட்டிப் பார்த்தேன்.
கண்ணாடியைப் பார்த்துச் சிரிப்பு வந்தது,
சிரிக்கத்தான் இடமில்லை.

இரவு பதினொன்றே காலுக்கு நிலக்கரி வண்டி.
ஓடுகள் நடுங்கின, பாத்திரங்கள் ஒன்றையொன்று இடித்தன.
கருவாடு எழுந்தது. கதவுவரை போனது.
கடைசிப் பெட்டி போகும்வரை நின்றது.
குரைக்கவில்லை.
சுவருக்கு அந்தப் பக்கம்
மஸ்தானய்யா இருமினார். அவரும் தூங்கவில்லை.

அடுத்த வண்டி இரண்டு மணிக்கு.