நான்காவது சொட்டு

பெர்கனில் நாற்பது நாளாக மழை.
குழாயைத் திறந்தாலும் அதே மழைதான்.
கல்லோடு பேசாமல், கருங்கல் மலையிலிருந்து
வெறுங்கையோடு இறங்கிவரும் தண்ணீர்.
தேநீருக்கு நல்லது. சட்டை வெளுக்க நல்லது.
மீனுக்கு?
"காசில்லாமல் சந்தைக்கு அனுப்புகிறாய்,"
என்றாள் ராக்ன்ஃப்ரிட்.

சோதனைக் குழாயில் ஐந்து மில்லி.
ஒவ்வொரு சொட்டாக விட வேண்டும்.
நீலம் தாங்கும், தாங்கும்,
தாங்க முடியாத சொட்டில் மஞ்சளாகும்.
எத்தனை சொட்டோ
அத்தனை தெம்பு அந்தத் தண்ணீருக்கு.
எங்கள் தொட்டி
முதல் சொட்டிலேயே மஞ்சள்.

எட்டு மாதமாக நான் செய்தது ஒன்றுதான்:
டிராம் ஓட்டிவிட்டு வந்து
வற்றிய அளவுக்கு ஒரு குவளை ஊற்றினேன்.
வற்றுவது நீர் மட்டும், எச்சம் வற்றாது
என்று யோசிக்கவில்லை.
கண்ணாடி பளிச்சென்று இருந்தது.
தெளிந்திருப்பதும் நலமாக இருப்பதும்
ஒன்றென்று நம்பிவிட்டேன்.

புளிப்பு ஏறி, பிஎச் ஐந்தரையில் கிடந்தது.
வடிகட்டிப் பஞ்சில் குடியிருந்த
கண்ணுக்குத் தெரியாத கூட்டம்
எப்போதோ வேலையை நிறுத்தியிருந்தது.
அம்மோனியா நாளுக்கு நாள் சேர்ந்தும்
அந்தப் புளிப்பில் அது
பல் பிடுங்கிய பாம்பு.
இதுவும் எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை இரவு
பாதித் தொட்டியை இறைத்துக் கொட்டினேன்.
சமையல் சோடா இரண்டு கரண்டி.
அளவு ஏழரைக்குத் தாவியது.
விசில் அடித்துக்கொண்டே படுக்கப் போனேன்.

காலையில் பதினோரு நியான் டெட்ராக்கள்
கோடு அணைந்து மிதந்தன.
பாம்புக்குப் பல் முளைத்திருந்தது.

அவள் திட்டவில்லை.
துறைமுகக் கான்கிரீட்டைப் பிளந்து பார்ப்பது அவள் வேலை,
எது எவ்வளவு மெல்ல அரிக்கிறது என்று
தினமும் எழுதுகிறவள்.
சோடா டப்பாவை எடுத்து
எனக்கு எட்டாத தட்டில் வைத்தாள்.
"பதறாத காரியம் சிதறாது," என்ற பொருளில்
அவர்கள் மொழியில் ஏதோ சொன்னாள்.
எனக்கு அது "சும்மா இரு" என்றே கேட்டது.

கீழ்வீட்டு இங்வார்
சனிக்கிழமை விருந்தில் தின்ற சிப்பிகளின் ஓடுகளை
ஒரு பையில் கொண்டுவந்து கொடுத்தான்.
கொதிக்கவைத்து, துண்டில் சுற்றி,
பால்கனியில் சுத்தியலால் உடைத்தேன்.
மேல்வீட்டுக்காரி ஜன்னலைச் சாத்தினாள்.
என்னுடைய பழைய நைலான் காலுறை ஒன்று
உடைந்த ஓட்டோடு
வடிகட்டியின் வாய்க்கு முன்னால் தொங்கியது.

"தண்ணீர் புளித்தால் இது கரையும்,
புளிக்காவிட்டால் சும்மா கிடக்கும்," என்றாள்.
"கேட்டால்தான் கொடுக்கும்.
உன் கரண்டியைப் போல அல்ல."

பிறகு ஒரு நாளைக்கு ஒரு வாளி.
அதுவும் முந்தைய இரவே நிரப்பி,
குளோரின் போக்கி, அறைச்சூட்டுக்கு வரவிட்டு,
தொட்டியருகே ஒரு விருந்தாளியைப் போல் உட்காரவைத்த வாளி.
நான் போட்ட சோடா அளவளவாக வெளியேறியது,
அம்மோனியாவும் அதன் பின்னால்.
பத்தாம் நாள் பஞ்சின் கூட்டம்
வேலைக்குத் திரும்பியதற்கான சிறு தடயம்:
நைட்ரேட் காகிதத்தில் இளஞ்சிவப்பு.

"இதை நம் இருவரையும் பற்றிக்
கவிதையாக்கிவிடாதே," என்றாள்,
என் நோட்டைப் பார்த்து.
"இது சுண்ணாம்பு. வெறும் சுண்ணாம்பு."
சரி என்றேன்.

இருபத்தோராம் நாள்,
ஒரு சொட்டு, நீலம்.
இரண்டு.
மூன்றாவதில் அவளும் குனிந்து பார்த்தாள்,
ஈரக் குடையைக் கையில் பிடித்தபடி.
நான்காவதில்தான் மஞ்சள் வந்தது.

பிழைத்தவை ஆறு டெட்ராக்கள்,
மீசை பாதி கருகிய ஒரு கெளுத்தி.
அது மணலைக் கிளறிக்கொண்டிருக்கிறது,
எங்களுக்குத் தெரியாத எதையோ தேடி.
இன்னும் பதினான்கு மீன் வாங்கலாமே என்று கேட்டேன்.
வாளியை என் கையில் கொடுத்துவிட்டு
அவள் வேலைக்குப் போய்விட்டாள்.