மெமோவில் ஒரு சொல்

கோத்தகிரி டீ ஃபேக்டரியில்
ராத்திரி வாட்ச்மேன் நான்.
எனக்கு இங்கிலீஷில் ஒரு மெமோ:
நீ இன்னும் சர்கம்ஸ்பெக்டாக
இருந்திருக்க வேண்டும்.

வாயில் போட்டுப் பார்த்தேன்.
கொட்டைப்பாக்கு. கடிபடவில்லை.

டைம் ஆபீஸ் ஹாலன்
அகராதியோடு வந்து
இரண்டாய்ப் பிளந்து வைத்தான்.
லத்தீனாம்.
சர்கம் என்றால் சுற்றி,
சர்க்கஸ் அதற்குப் பங்காளி.
பின்பாதி, பார்ப்பது.
மூக்கில் மாட்டும் ஸ்பெக்ஸும்
அந்த வீட்டுப் பிள்ளைதானாம்.

அட, சுற்றும் முற்றும் பார்ப்பதா!
இதற்கா ரோமாபுரி வரை போனார்கள்?

நடந்தது இதுதான்.
கேன்டீன் கதவை நான் காத்தேன்.
கரடி ஜன்னலில் வந்தது.
மூன்று லிட்டர் எண்ணெய்,
வெல்லம் இருந்த டப்பா,
டப்பாவின் மூடி உட்பட.

போகும்போது வாசலில் நின்று
இந்தப் பக்கம் மோந்தது
அந்தப் பக்கம் மோந்தது
பனியை மோந்தது
என்னையும்.
பிறகுதான் தேயிலைக்குள் இறங்கியது.
அதற்கு லத்தீன் தெரிந்திருந்தது.

எனக்குக் கண் இரண்டும் முன்னால்.
மிச்சத்தைக் கழுத்துதான் பார்க்க வேண்டும்,
கழுத்திலோ மூன்று சுற்று மஃப்ளர்.

விளக்கம் எழுது என்றான் ஹாலன்.
எழுதினேன்:
ஐயா, டிசம்பர் பனியில்
சுற்றி என்பது ஆறடி.

பகலில் பக்கம் பார்த்துப் பேசு என்பார்கள்.
பார்த்தேன்.
மானேஜர் அறைத் திரை அசையவில்லை.
இன்னொரு வரியும் சேர்த்தேன்:

அந்த ஜன்னலுக்குக் கண்ணாடி கேட்டு
ஜூனிலிருந்து மூன்று கடிதம்.
நகல் இணைத்துள்ளேன்.