கூடும்

பயிற்சியாளர் அறையின் இரும்புப் பலகையில்
தொண்ணூறு காந்தத் துண்டுகள்.
ஐம்பத்து மூன்றுதான் செப்டம்பரைப் பார்க்கும்.
வாண்டர்ப்ளூக் என்கிற பெயர்
காந்தத்துக்குள் அடங்கவில்லை.
கடைசி எழுத்தை மடித்து ஒட்டியவள் நான்தான்.

என் வேலை படம் வெட்டுவது.
ஏரிக்கரை மைதானத்தின் அடித்தளம்,
சன்னலில்லாத அறை, ஆறிய காப்பி.
ஒவ்வொரு நகர்வுக்கும் இரண்டு கோணம்:
ஒன்று கூரை உச்சியிலிருந்து,
மற்றது கோல்கம்பத்தின் பின்னாலிருந்து.
இரண்டிலும் அவனைத் தேடத்தான் வேண்டும்.

டைட் எண்ட்.
முட்டுகிறவர்களோடு நின்றால் இளைத்தவன்,
ஓடுகிறவர்களோடு நின்றால் பருத்தவன்.
ஐந்து பேர் சுவர்; அவன் ஆறாவது செங்கல்.
மறுகணமே அந்தச் செங்கல்
சுவரிலிருந்து கழன்று
பந்துக்குக் கை நீட்ட வேண்டும்.
மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்றாலும்
எப்போது எந்தப் பக்கம் என்று தாளமாவது சொல்லும்.

அயோவாக்காரன்.
கல்லூரியில் நான்கு வருடம், பிடித்தது நாற்பத்தொரு பந்து.
ஐந்தாம் சுற்றில் எடுத்தார்கள்.
தொலைபேசி வந்தபோது
மாமாவின் பன்றிக் கொட்டகையில்
மின்விசிறி மாற்றிக்கொண்டிருந்தானாம்.
"யாரு?" என்று இரண்டு முறை கேட்டானாம்.

கூட்டங்களில் அவனைப் பற்றிய வாக்கியங்கள்
எல்லாம் ஒரே சொல்லில் முடிகின்றன.
லியோட்டாவின் முழங்கால் தாங்காவிட்டால்
இவன் முதலில் இறங்கக்கூடும்.
இரண்டு டைட் எண்ட் நிறுத்தினால்
எதிரணி உள்ளே நெருங்கக்கூடும்,
நெருங்கினால் அவர்கள் முதுகுக்குப் பின்
ஒரு சந்து திறக்கக்கூடும்.
துணைப் பயிற்சியாளர் பெட்டிஃபோர்ட் பேசப் பேச
அவர் விரல் காந்தத்தை நகர்த்துகிறது:
இடக்கோடி, வலக்கோடி,
குவாட்டர்பேக்கின் பின்னால் ஒரு கஜம்,
பிறகு, யோசனையாக, பலகையின் விளிம்பு.

பதினொரு தலைகள் வட்டமாய்க் குனிந்து
அடுத்த நகர்வின் பெயரைக் கேட்பதும்
கூடும் நேரம்தான்.
அங்கே அவன் இன்னும் பாதிக் காலடி வெளியே நிற்கிறான்.
அதுவும் என் படத்தில் தெரிகிறது.

நேற்று இரண்டாவது முன்பருவ ஆட்டம்.
தூறல். பாதி இருக்கை காலி.
பத்தொன்பது முறை களத்தில் நின்றான்,
பதினைந்து முறை முட்டினான்.
ஒருமுறை எதிரணிக்காரன் தோளுக்கடியில் கைகொடுத்துத் தூக்க
மல்லாந்து விழுந்தான்.
அப்போதுதான் அறிவிப்பாளர் அவன் பெயரைச் சொன்னார்.
வாண்டர்ப்ளாக் என்றார்.
செய்த வேலைக்கு அது பொருந்தத்தான் செய்தது.

மூன்றாம் கால்பகுதி. இன்னும் இரண்டு கஜம் வேண்டும்.
முட்டுவதுபோல் முட்டி,
ஒன்று, இரண்டு எண்ணி,
தோளைச் சரித்து நழுவினான்.
லைன்பேக்கர் இருவரும் ஏமாந்து முன்னே பாய,
அவர்கள் விட்டுப்போன புல்லில்
அவன் மட்டும்.
நாலாபுறமும் பத்து கஜத்துக்கு யாருமில்லை.

ஹூப்லரின் கண்கள் மறுபக்கம்.
பந்து கோட்டுக்கு வெளியே போனது.

எல்லோரும் கையை உயர்த்துவார்கள்.
இங்கே இருக்கிறேன், இங்கே, என்று
ஆட்டம் முடிந்த பிறகும் ஆட்டுவார்கள்.
இவன் உயர்த்தவில்லை.
திரும்பி நின்று
நெஞ்சுக்கு நேரே இரண்டு வெறுங்கைகளை விரித்து வைத்திருந்தான்,
இரண்டு விநாடி.
பிறகு ஓடிப்போய், விழுந்து கிடந்த ஹூப்லரை
எழுப்பி விட்டான்.

ஊதல் ஒலித்ததும் வெட்ட வேண்டும் என்பது விதி.
நான் ஓடவிட்டேன்.

காலையில் பெட்டிஃபோர்ட்
சூரியகாந்தி விதைத் தொலியைக் கோப்பைக்குள் துப்பியபடி
அதை மூன்று முறை பார்த்தார்.
"மதியம் என்ன சாப்பாடு?" என்று கேட்டார்.

எல்லோரும் போனபின் கேபிள் சுருட்ட உள்ளே வந்தேன்.
லியோட்டா அதே இடத்தில்.
அதற்குக் கீழே இவன்;
நேற்றும் அங்கேதான் இருந்தானா, நினைவில்லை.
யார் விரல் பட்டதோ,
மடிப்புப் பிரிந்து கடைசி எழுத்து
பக்கத்துக் கட்டத்துக்குள் நீட்டிக்கொண்டிருந்தது.

பசை கையில்தான் இருந்தது.
அப்படியே விட்டுவிட்டு விளக்கை அணைத்தேன்.