எதுவும் கடிக்காத மதியம்

மார்ச் கடைசி. ஓலுயார்வி ஏரியின் மேல்
இன்னும் ஒரு முழம் பனிக்கட்டி.
இர்மெலி துரப்பணத்தைச் சுழற்றுகிறாள்.
முதலில் வெள்ளைத் தூள், பிறகு சாம்பல் கூழ்,
பிறகு ஒரு சின்ன விக்கலோடு
கறுப்புத் தண்ணீர் மேலே வருகிறது.

கூழைக் கரண்டியால் அள்ளி எறிந்துவிட்டு
பால்பெட்டியைக் கவிழ்த்து உட்காருகிறாள்.
ஒரு சாண் நீளத் தூண்டில், பிளாஸ்க்,
நாக்கைக் கறுப்பாக்கும் உப்பு மிட்டாய்.
எண்பது எட்டு தள்ளி பென்ட்டியின் துளை,
பென்ட்டியின் முதுகு.
முதுகு காட்டி உட்காருவது இங்கே மரியாதை.

முப்பத்தோரு வருடம் வரி அலுவலகத்தில்
யாரிடம் என்ன இருக்கிறது என்று எழுதியவள்.
படகு. பிர்ச் காடு, பன்னிரண்டு ஹெக்டேர்.
பாதிக் கடன் தீர்ந்த டிராக்டர்.
அவள் பேச்சிலும், நம் பேச்சைப் போலவே,
உடைமைக்கென்று தனி வினை கிடையாது.
என்னிடம் படகு இருக்கிறது என்பார்கள்.
படகு தன்பாட்டுக்கு இருக்கிறது.
நாம் அது வந்து ஒதுங்கிய கரை, அவ்வளவுதான்.
அன்றைக்கு அவளுக்கு அது வெறும் இலக்கணம்.

இன்று எண்ணங்கள் டோக்கன் வாங்கிக்கொண்டு
வரிசையில் நிற்கின்றன.
தங்கை சைமியோடு கோடையில் போட்ட சண்டை முதலில்
(அவள்தான் ஆரம்பித்தாள்).
அடுத்து மருத்துவமனைக் கடிதம்,
பிரிக்காமல், ரொட்டிப் பெட்டிக்குக் கீழே.
இடது பூட்ஸுக்குள் ஈரம்.
மறுபடி சைமி, இந்த முறை ஆறு வயதாக,
முன்பல் விழுந்து.
இர்மெலி யாரையும் விரட்டவில்லை.
விரட்டினால் பின்னாலேயே போக வேண்டியிருக்கும்,
பூஜ்யத்துக்குக் கீழே பன்னிரண்டில்.
தூண்டிலை ஏற்றுகிறாள். இறக்குகிறாள்.

கவுண்டர் எப்போது மூடியது என்று தெரியாது.

என்னிடம் படகு இருக்கிறது.
படகு போயிற்று.
என்னிடம் இருக்கிறது.
என்ன என்று கேட்க ஆளில்லை.
பிறகு அந்த என்னிடமும்
கையுறையிலிருந்து விரல் கழல்வது போல,
இழுத்தது யார் என்று தெரியாமல்.

இருக்கிறது.

அமைதி என்றால் பொய்.
தூரத்தில் ஒரு பனிவண்டி இரைந்துகொண்டுதான் இருந்தது,
யாருக்கென்றும் இல்லாமல் இரைந்தது.
ஆனந்தமா? அதைப் பட ஒருவர் வேண்டுமே.
தூக்கமும் இல்லை,
தூங்கியிருந்தால் தூண்டில் நழுவியிருக்கும்.
கை ஏறியது. இறங்கியது.
வெயில் பனிமேல் விழுந்தது என்று சொல்லும்போதே
வெயிலையும் பனியையும்
இரண்டாகப் பிரித்துவிடுகிறேன்.
நான் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஏரி அடிவயிற்றிலிருந்து உறுமியது.
ஒரு விரிசல் இந்தக் கரையில் புறப்பட்டு
மணல்திட்டுவரை ஓடி அடங்கியது.
முதலில் சத்தம் மட்டும்.
அது யாருக்குக் கேட்டது என்பது சற்றுப் பிந்தி,
பேருந்தைத் தவறவிட்டவன் போல
மூச்சிரைக்க வந்து சேர்ந்தது.
அதுதான் இர்மெலி.

குனிந்து பார்த்தாள்.
தூண்டில் நூலைச் சுற்றி
காசளவு வட்டம் மட்டும் ஈரமாக;
மற்ற இடமெல்லாம் பனி மெல்லிய தோல் கட்டியிருந்தது.
அப்படியானால் கால் மணி நேரமாவது.
அந்தக் கால் மணியை எந்தக் கட்டத்தில் எழுதுவது,
யார் பெயருக்கு எதிரே?

இன்னொரு முறை வா என்று கூப்பிட்டுப் பார்த்தாள்.
கண்ணை மூடி, மூச்சைச் சீராக்கி, ஒழுங்காக.
வந்தது சைமி.

நான்கு மணிக்குப் பென்ட்டி சறுக்குவண்டியை இழுத்தபடி
இந்தப் பக்கமாக வந்தான்.
"ஏதாவது இருக்கிறதா?"
"இருக்கிறது."
வாளிக்குள் எட்டிப் பார்த்தான்.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான்.
நாளைக்கு மேல்காற்று என்றான்.

பிளாஸ்கில் ஒரு வாய் காப்பி மிச்சம், ஆறிப்போய்.
இடது பூட்ஸ் இன்னும் காயவில்லை.