தலைக்கும் சுவருக்கும் நடுவில்

குதிக்கால் சுவரில், முதுகு சுவரில்,
தலை மட்டும் வரமாட்டேன் என்றது.
டாக்டர் ஹில்ட்பிராண்ட் நாடாவால் அளந்தார்:
நாலரை சென்டிமீட்டர்.

பதினொரு வருசமாய் இதற்கு நான் வைத்த பெயர்
நாரிப்பிடிப்பு.
பேக்கரியில் மாமூட்டை தூக்கிற முதுகு, வேறென்ன,
எண்ணெய் போடு, குளிசையை விழுங்கு, படு.
படுத்தால்தான் கூடியது.
இரவு இரண்டு மணிக்குப் பலகையாய்க் கிடப்பேன்,
வேலைக்குப் போய் மா பிசைந்து வேர்த்த பிறகுதான்
மனுசனாவேன்.
அது ஏனென்று ஒருவரும் கேட்கவில்லை,
நானும்.

அவர் கேட்டார்.
பிறகு இரத்தம், படம், மூச்சு வாங்கவைக்கும் ஒரு ஜெர்மன் சொல்.
முள்ளந்தண்டில் எலும்போடு எலும்பு
ஒட்டப் பார்க்கிறதாம்.
உங்கள் காவலே உங்களைத் தாக்குகிறது என்றார்.
எனக்கு அது புதுக்கதை இல்லை.

இப்போது குளிர்ப்பெட்டியில்
தயிருக்கும் சம்பலுக்கும் இடையில் ஊசி.
இரண்டு கிழமைக்கு ஒருக்கால்
வயிற்றைக் கிள்ளிப் பிடிப்பேன்,
மேகவர்ணா பத்து வரை எண்ணுவாள்,
எட்டில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

செவ்வாயில் நீச்சல், தினமும் தரையில் பூனைபோல் முதுகை வளைத்து
அரைமணி நேரம்.
வூப்பர் ஆற்றின் மேல் தொங்குரயில்
வளைவில் இடுப்பை ஆட்டிக்கொண்டு போகும்.
ஆடு, ஆடு என்கிறேன், பார்மனில் இறங்கும்வரை.

நேற்று அளந்தார்: மூன்றே முக்கால்.
கழுத்து இன்னும் திரும்பாது.
பெயர் சொல்லிக் கூப்பிட்டால்
முழு ஆளாய்த் திரும்பி நிற்கிறேன்,
சரியான மரியாதைக்காரன் என்கிறார்கள்.