ஐம்பத்தொன்பது அங்குலம்

காப்பீட்டுக் கம்பெனியின் கடிதம் மார்ச்சிலேயே வந்துவிட்டது.
வீட்டைச் சுற்றி முப்பதடிக்கு
ஓர் ஊசியிலை கிடக்கக் கூடாதாம்,
ஜூன் முதல் தேதிக்குள்.
எழுதியவர் எந்த ஊரோ.
ஒரு பாண்டரோசா பைன் ஒரு காற்றுக்கு
எவ்வளவு உதிர்க்கும் என்று பார்த்திருக்க மாட்டார்.
மும்மூன்றாய்ச் சேர்ந்து, அடியில் பழுப்பு உறை மாட்டி,
விழும்போது சத்தமே வராது.
விழுந்தபின் பனி வந்து அமுக்கினால்
பாய் முடைந்த மாதிரி.
மூன்று வசந்தம் கையால் வாரினேன்.
நாலாவதில் தோள் சொல்லிவிட்டது.

எம்மெட் க்ரோலிடம் டிராக்டர், என்னிடம் மரங்கள்.
வேலிக்கு மேல் பேசி முடிவானது:
வாரி பொது, பணம் பாதிப் பாதி,
டீசல், யாருடைய நிலமோ அவர் தலையில்.

கோல்வில்லில் கேல் ஸ்டாடர்டின் கிடங்கு.
மழையில் நனைந்தபடி வரிசையாய் வாரிகள்,
பல்லைக் காட்டிக்கொண்டு.
எம்மெட் நேராக ஆறடியிடம் போனார்.
குதிரை வாங்க வந்தவர் போல
இரும்புச் சட்டத்தைத் தட்டிக்கொடுத்தார்.
"இதுதான். நாலு நடையில் முடிந்துவிடும்."
அவர் நிலம் தட்டை, மரம் பதினொன்று.
என்னுடையது சரிவு, பாறை.
மரங்களை எண்ண ஆரம்பித்து
இருநூற்றுச் சொச்சத்தில் விட்டுவிட்டேன்.

கேல் அவசரப்படவில்லை.
தடித்த பல் மண்ணைக் கீறும், வேரைப் பிடுங்கும்,
கல்லை வாரும், ஊசியை நழுவவிடும் என்றார்.
சுருள்கம்பிப் பல் என்றால் வேரைக் கண்டதும்
வளைந்து மேலே ஏறி இறங்கும்.
பின்னால் இரண்டு சின்னச் சக்கரம் வேண்டும்,
இல்லாவிட்டால் மேல்மண்ணும் கூடவே கிளம்பிவிடும்.
"அகலம்?" என்றேன்.
"உன் மரங்களைக் கேள்."

கேட்டேன். அன்று சாயங்காலமே, அளவு நாடாவோடு,
ஒவ்வொரு ஜோடியாய்.
எட்டடி. ஏழு. பத்தரை.
வெயில் பட்ட பட்டையில் மூக்கை வைத்தால் வெனிலா வாசம்.
கிணற்றறைக்குப் போகிற வழியில் இரண்டு,
இடையில் ஐம்பத்தொன்பது அங்குலம்.
மறுபடி அளந்தேன், நாடாவைத் தளர்த்தி,
மூச்சைப் பிடித்துக்கொண்டு.
ஐம்பத்தொன்பது.

ஐந்தடி வாரி அறுபது.
நாலடி நுழையும், ஆனால்
டிராக்டரின் சக்கர அகலமே நாலடிக்கு மேல்.
டயர் அழுத்தியதெல்லாம் வாரிக்கு வெளியே
ஒட்டிக் கிடக்கும்.

"ஒரு மரத்தை வெட்டிவிடு," என்றார் எம்மெட் போனில்.
"ஓர் அங்குலத்துக்காகவா?"
"ஓர் அங்குலத்துக்காகத்தான்."
இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் கிடங்குக்குத் தனியே போனேன்.
ஐந்தடி வாரியின் கழுத்தில் ஒரு வட்டத் தகடு,
அதில் ஐந்து துளை, நடுத் துளையில் ஓர் ஆணி.
போன தடவையும் பார்த்தேன், அலங்காரம் என்று நினைத்தேன்.
கேல் ஆணியை உருவி இடுப்பால் ஒரு தள்ளு தள்ளினார்.
பஸ் கூட்டத்தில் தோளைச் சாய்த்து நுழைகிறவனைப் போல
வாரி ஒருக்களித்தது.
நாடாவை நீட்டினேன்.
ஐம்பத்தைந்து.

சனிக்கிழமை எம்மெட் ஓட்டினார்.
நான் முன்னால், பின்னோக்கி நடந்துகொண்டு,
விமானத்தை இறக்குகிறவள் போல
இரு கையையும் தூக்கிக் காட்டினேன்.
அந்த இரண்டு மரங்களுக்கிடையில்
அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்,
அதுவும் இடிக்கும் என்பது போல.
வலப்பக்க மரத்தில் ஒரு செதில் உதிர்ந்தது.
அவ்வளவுதான்.
பின்னால் கறுப்பாய், ஈரமாய், தரை தெரிந்தது.
இத்தனை வருஷம் அது அங்கேதான் இருந்திருக்கிறது.

ஒன்று சொல்ல மறந்தேன்.
ஒருக்களித்த வாரி இழுத்துக்கொண்டு வராது,
எல்லாவற்றையும் ஒரே பக்கமாய் ஒதுக்கும்.
என் சரிவில் அந்தப் பக்கம் எம்மெட்டின் வேலி.
இடுப்புயரம் குவிந்திருந்ததை
அவர் இருட்டும் நேரத்தில்தான் பார்த்தார்.
இன்ஜினை அணைத்தார்.
என்னைப் பார்த்தார்.
நான் ஆணியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன்,
ரொம்ப நேரமாக.