அரை மில்லிமீட்டர்

புன்டா அரெனாஸில் காற்று
கதவைத் தட்டாது, கதவையே கேட்கும்.
வேனின் பின்கதவைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு
நெற்றி விளக்கோடு உள்ளே மண்டியிட்டிருக்கிறேன்.

மருந்துத் தட்டு ஆடுகிறது.
நேற்றுச் சரளைச் சாலையில் பதினோரு குப்பி போயிற்று.
விடிந்தால் முந்நூறு ஆடுகளுக்கு ஊசி.

தட்டை மாட்டியவன் எலியேசர்.
போல்ட்டைத் திருகினால்
உள்ளே ரிவெட் நட்டும் சேர்ந்து சுற்றுகிறது.
இறுகவும் இல்லை, கழலவும் இல்லை.
எங்கள் கடைசி இரண்டு வருடம் மாதிரி
என்று எழுதக் கை வருகிறது.
வேண்டாம்.
ஒன்பது போட வேண்டிய துளையை
ஒன்பதரை போட்டிருக்கிறான், அவ்வளவுதான்.

மரை கழன்றவன் என்பாள் என் தங்கை நெரினா.
மரையைப் பார்த்தேன்,
புதுசு போல மின்னுகிறது.

இந்தத் தகரம் ஒரு மில்லிகூடக் கனமில்லை.
இதில் மரை வெட்டினால் இரண்டே சுற்றில் கிழியும்.
அந்தப் பக்கம் கைவிட்டு நட்டைப் பிடிக்கலாமென்றால்
அந்தப் பக்கமே கிடையாது,
இரண்டு தகரத்துக்கு நடுவே இருட்டு.

குறட்டால் தலையைக் கவ்வி டிரில்லை அழுத்தினேன்.
தலை தெறித்தது. உடல் உள்ளே விழுந்தது,
டிங் என்று, பிறகு எங்கோ அடியில் இன்னொரு டிங்.
மூன்று முறை.

எட்டாம் நம்பர் நட்டுக்குப் பதினொன்று துளை.
தட்டின் காதுகளையும் பெரிதாக்க வேண்டியிருந்தது,
அதற்கே இருபது நிமிடம், ஒரு பிட் முறிவு,
நீரிணைப் பக்கம் பார்த்து இரண்டு வசவு.
பிசிறை அரத்தால் தேய்த்துப் புது நட்டை நுழைத்து
கருவியின் இரு கைகளையும் நெருக்கினேன்.

இது எனக்குத் தெரிந்த வேலை.
குட்டி குறுக்கே கிடக்கும் ஆட்டுக்குள்
முழங்கைவரை விட்டுக் கண்ணை மூடிக்கொள்வேன்,
விரல் நுனி சொல்லும், இது முன்னங்கால், இது இன்னொன்றின் வால்.
இங்கேயும் கைப்பிடி சொன்னது:
முதலில் வெண்ணெய்போல் குழைகிறது,
அப்புறம் எலும்பு.
எலும்பு தட்டியதும் நிறுத்த வேண்டும்.
ஒரு நெருக்கு கூடினால் மரை பிய்ந்துவிடும்.

மூன்றைத்தான் மாற்றினேன்.
இடது மேல் மூலையில் இருந்த நாலாவது
அவன் போட்டது, அசையவே இல்லை.
ஸ்பேனரை வைத்துப் பார்த்தேன்,
எடுத்துவிட்டேன்.

காலையில் பண்ணைக்காரர் பாமோந்தே
வேன் நிற்பதற்குள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்:
'உள்ளே ஏதோ உருளுதே டாக்டர், கழன்றுவிட்டதா?'
'கழன்றது வேறே' என்றேன். 'இது வெளியே வராது.
ஊசியை எடுங்கள், வெயில் இருக்கும்போதே முடிப்போம்.'